ஒரு விரற்கடை

டிசம்பர் 6

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும், உன் சமையலை மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பிழைத்துக் கிடக்கிற அந்த எண்பது சுரங்கத் தொழிலாளர்களும் நலமா?

ஞாயிறுதோறும் உன் முகாம் ஆபீஸுக்குப் போன் செய்வதை ஏன் நிறுத்திவிட்டோம் என்று கேட்டிருந்தாய். உன் அக்காவின் உத்தரவு. இந்த வருஷக் குளிரில் அவளுக்கு இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. போனில் பேசினால் பேச்சு கால் பங்கும் இருமல் முக்கால் பங்குமாக உன் காதில் விழுமாம். நீ அதையே நினைத்துக்கொண்டு அங்கே சோற்றைத் தீய விடுவாயாம். 'லெட்டரா எழுதுங்க, லெட்டர்ல இருமினா கேக்காது' என்றாள். ஆகவே இந்தக் குளிர்காலம் முழுக்க என் கோழிக் கிறுக்கல்தான் உன் தலையில் எழுதியிருக்கிறது.

உங்கள் மலைப்பாதையைப் பனி மூடிவிட்டதாக எழுதியிருந்தாய். இனி ஏப்ரலில்தான் திறக்கும், உனக்கு மாற்று ஆளும் அப்போதுதான் வருவான், அதுவரை தபால் வண்டியைத் தவிர வேறு போக்குவரத்து இல்லை என்றும் எழுதியிருந்தாய். இங்கேயும் குளிருக்குக் குறைவில்லை. ஆறு மாடிக்கும் சூடு அனுப்புகிற பாய்லர்காரன் வீட்டில்தான் அதிகக் குளிர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இந்தக் கட்டடத்து வெந்நீரின் குணம் உனக்குத் தெரியும். பாய்லரை விட்டுக் கிளம்பினால் நேரே ஆறாம் மாடிக்கு ஏறிவிடும். அங்கிருந்து வீடு வீடாக நலம் விசாரித்துக்கொண்டு இறங்கி, கடைசியில் தரைத்தளத்து நம் அறைக்கு வந்து சேரும்போது கை கழுவத்தான் லாயக்கு. ஆறாம் மாடியில் இருபத்து மூன்று டிகிரி. நம் அறையில் பன்னிரண்டு. இன்னும் முடுக்கலாம் என்றால் பாய்லரின் முள் ஏற்கெனவே சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. மின்சார ஹீட்டரைச் செருகினால் ஃப்யூஸ் போய், பம்பு நின்று, ஆறு மாடியும் என்மேல் பாயும்.

மூன்றாம் மாடிப் புகார் அம்மாவை நினைவிருக்கிறதா? டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குழாயில் டொக் டொக்கென்று சத்தம், தூங்க முடியவில்லை என்று தினமும் காலை பத்து மணிக்குக் குடையைத் தட்டிக்கொண்டு இறங்கி வருவார். மழை இல்லாத நாளிலும் அந்தக் குடை கையில் இருக்கும். நான் ஒரு பதில் சொல்ல, அவர் ஒன்பது சொல்ல, அதோடுதான் எனக்குப் பொழுதே விடிகிறது.

குளிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? போன ஞாயிறு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். ஜன்னல் இடுக்குகளில் டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டினேன். கதவுக்கு மேலே இருக்கிற காற்றுத் துளையையும் போர்வைத் துணியைச் சுருட்டி அடைத்தேன். பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மூலை மூலையாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுடர் அசையவில்லை. என் வேலைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நம் அறையும் பத்தொன்பது டிகிரி!

உன் அக்காவும் தேறி வருகிறாள். இருமி இருமியே தூக்கம் கெட்டிருந்தவள் இப்போது பகலிலும் அசந்து தூங்குகிறாள். எழுந்தால் தலை கனக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்கிறாள். புது மாத்திரையின் வேலையாக இருக்கும். கன்னமெல்லாம் சிவந்திருக்கிறது. 'கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே' என்று கேலி செய்தேன். 'அப்ப மாப்பிள்ளையை மாத்துங்க' என்றாள். அவள் வாய்க்கு மட்டும் ஒரு நோயும் கிடையாது.

வழக்கமாக என் கடிதத்தின் அடியில் அவள் ஒரு வரி எழுதுவாள். இப்போது தூங்குகிறாள், எழுப்ப மனமில்லை. அவள் பங்கையும் நானே எழுதிவிடுகிறேன்: கம்பளிக் காலுறை போட்டுக்கொள். ஈரக் காலோடு நிற்காதே.

என்றும் அன்புடன்,
உன் அத்தான்


ஜனவரி 2

மச்சானுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அக்கா உயிரோடு இருக்கிறாள். மீதியை எங்கேயாவது உட்கார்ந்து படி.

உனக்குக் கடிதம் போட்ட நான்காம் நாள் காலை நான் ஐந்தாம் மாடியில் ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். புகார் அம்மா வழக்கம்போலப் பத்து மணிக்குச் சண்டைக்கு இறங்கி வந்திருக்கிறார். பாய்லர் அறையில் நான் இல்லை. விடுகிற ஆளா அவர்? நம் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. தள்ளிப் பார்த்தால் உன் அக்கா கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் கிடந்திருக்கிறாள். ஜன்னலைத் திறக்க எழுந்து போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவும் திறக்கப் பார்த்திருக்கிறார். என் டேப் விடவில்லை. குடையால் கண்ணாடியை உடைத்திருக்கிறார்.

நான் ஓடி வந்தபோது தரையெல்லாம் கண்ணாடி. குளிர் அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. உன் அக்காவின் தலை அந்த அம்மாவின் மடியில். ஒன்பது பதில் சொல்கிறவர் அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எண்ணெய் எரிந்து அறையின் காற்றைத் தின்றுவிட்டு, நிறமும் மணமும் இல்லாத விஷத்தை விட்டிருக்கிறது. ஏற்கெனவே பாதி வேலை செய்கிற நுரையீரல் அவளுக்கு. நான் இரவு பகலாகப் பாய்லர் அறையில் கிடக்க, அது நாள் கணக்காக அந்தக் காற்றைக் குடித்திருக்கிறது. அந்தத் தூக்கம் தேறுகிற தூக்கம் இல்லை. அந்தக் கன்னச் சிவப்பும் அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

கட்டட வாசலிலும் மாடிப்படித் திருப்பங்களிலும் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும், நீ வந்தபோது பார்த்திருப்பாய். 'அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைப்பவர்கள் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைக்கவும். கதவுமேல் துளையை அடைக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து. இப்படிக்கு, பாய்லர்காரர்.' வருஷா வருஷம் குளிர் தொடங்கும் முன் சிவப்பு மையில் புதிதாக எழுதி ஒட்டுகிறவன் நான். வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் துளையைப் போட்டவனும் நான். அடைத்து வைத்திருந்த இரண்டாம் மாடி வாத்தியாரைப் போன குளிரில் நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வாத்தியாரும் நானுமாகத்தான் உன் அக்காவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு அந்த வாசல் அறிவிப்பைத் தாண்டிப் போனோம்.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது பாய்லர்காரனாக நுழைகிறேன். என் வீட்டுக்குள் நுழைந்தால், போர்வைக்குள் நடுங்குகிறவள்தான் கண்ணில் படுகிறாள். அவள் நடுக்கம் நின்றால் போதும் என்று இருந்தது. வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. இது சமாதானம் இல்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். பாய்லர் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உனக்கு அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் போனில் இரண்டு தடவை எண்ணைப் போட்டேன். உன் ஆபீஸ் ஆள் எடுத்து, உன்னைக் கூப்பிடப் போனான். நீ 'அத்தான்' என்று சொல்வது காதில் விழுவதற்குள் வைத்துவிட்டேன். அம்மா போன பிறகு மூன்று வயதுப் பிள்ளையான உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அவளை என்னை நம்பித்தானே விட்டுப் போனாய்? நன்றாகத் திட்டி எழுது. யாராவது திட்டினால் தேவலை போலிருக்கிறது.

உன் அத்தான்


ஜனவரி 27

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் ஒரு வசவு கிடையாது. கடைசியில் 'நீங்க சாப்பிடுறீங்களா அத்தான்' என்று ஒரு வரி. பாய்லர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வயதில் இப்படி அழ வரும் என்று தெரியாது. மானேஜரிடம் மூன்று தடவை போய் லீவு கேட்டாயாம், எண்பது பேர் வயிற்றுக்கு யார் பொறுப்பு என்றாராம். அவர்மேல் கோபப்படாதே. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி அனுப்பவில்லை, குளிர்காலம், அவள் கட்டிலுக்காக வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். மூக்கில் குழாய் வைத்து, பக்கத்தில் காற்று கொடுக்கிற ஒரு மிஷின் ஓடுகிறது. இருமலுக்கும் இப்போது பலமில்லை. முன்பு பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கே சரியாகக் கேட்பதில்லை. தலைமுடி வாரக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. நான்தான் வாரிவிடுகிறேன். 'வகிடு கோணல்' என்று தினமும் குறை சொல்கிறாள். அந்தக் குறையைக் கேட்கத்தான் நானும் தினமும் வாருகிறேன்.

டாக்டர் சொல்லி அனுப்பியது இரண்டே விஷயம். 'ரூம் சூடா இருக்கணும். ஜன்னலும் தொறந்திருக்கணும்.' சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இந்தக் கட்டடத்தில் அந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஆறாம் மாடிதான். அங்கே ஜன்னலை அகலத் திறந்தாலும் பதினெட்டுக்குக் குறையாது. ஒரு வீடு காலியாகவும் இருக்கிறது. அங்கே இருந்த சர்வேயர் கோடை வரை மகன் வீட்டோடு போயிருக்கிறார். அதன் சாவியை வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? புகார் அம்மாதான். கட்டடச் செயலாளர் சாவியை நீட்டும் வரை தினமும் காலையில் அவர் வீட்டு வாசலில் குடையைத் தட்டியிருக்கிறார். இப்போது என்னிடம் சண்டைக்கு வருவதே இல்லை. குழாயில் சத்தம் இருக்கிறதா என்று நானே கேட்டேன். 'சத்தம் வந்தா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம், வரட்டும்' என்றார்.

சாவி வந்து பத்து நாளாகிறது. சட்டைப் பையிலேயே கிடக்கிறது. ஏனென்றால் ஆறு மாடி. லிப்ட் இல்லை. கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தாலே உன் அக்காவுக்கு உதடு நீலம் பாரிக்கிறது.

முதுகில் சுமந்து போகலாம் என்று போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன். அவள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டாள், பாரம் என்று ஒன்றுமே இல்லை. பாழாய்ப்போன என் முட்டிதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மடங்கிவிட்டது. நல்லவேளை, இரண்டு பேரும் உருளவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டோம். தலைக்கு மேலே என் அறிவிப்பு. அதை ஒருதரம் முழுக்கப் படித்துவிட்டு, 'எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு' என்று சிரிக்கப் போனாள். அந்தச் சிரிப்பே அவளுக்கு ஆகவில்லை. மூச்சு திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு அங்கேயே இருந்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரிகிறது?

வாத்தியாரும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியில் வைத்துத் தூக்க வந்து நின்றார்கள். உன் அக்கா ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். 'ஊரான் தோள்ல ஏறிப் போக நான் என்ன பீரோவா?' என்கிறாள். கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் என்ன சொன்னாள் தெரியுமா? 'என் தம்பி வரட்டும். மூணு வருஷம் அவனை இடுப்பை விட்டு இறக்கினதில்ல. ஆறு மாடி தூக்க மாட்டானா?' டாக்டரிடம் தனியாகப் போய், ஏப்ரல் வரை இந்த அறையிலேயே வைத்திருக்கலாமா என்று கேட்டேன். 'முடிஞ்சா சீக்கிரம் மாத்துங்க' என்றார். முடியாவிட்டால் என்று கேட்காமலே திரும்பி வந்தேன்.

அதனால் இப்போதைக்கு நம் அறைதான். ஹீட்டரை உடைத்துப் பழைய இரும்பில் போட்டாயிற்று. புதுக் கண்ணாடி போட்ட ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து ஆப்பு செருகியிருக்கிறேன். உள்ளே பதினொரு டிகிரி. வேலை போக மீதி நேரமெல்லாம் அந்த இடுக்குக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். காற்று என்னைச் சுற்றி எப்படியும் உள்ளே வந்துவிடுகிறது. குளிரில் கொஞ்சமாவது என் முதுகோடு நின்றுவிடாதா என்றுதான். நிற்கிறதா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து நடுங்கினால் அதுதான் காரணம்.

'நலம்னு மொதல் வரி போட்டாச்சா?' என்று கட்டிலிலிருந்து கேட்கிறாள். போட்டாச்சு என்றேன். நீ மேலே போய்த் தேடாதே.

பாதை திறந்த அன்றைக்கே, முதல் வண்டியிலேயே கிளம்பிவிடு. அவளுக்கு என்று எதையும் வாங்கிச் சுமந்துகொண்டு வராதே. உன் பெட்டியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெறுங்கையோடு வா மச்சான். இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

நீ நன்றாயிருக்க வேண்டும். கீழே இடம் விட்டு, பேனாவை அவளிடம் கொடுக்கிறேன்.

உன் அத்தான்


தம்பி, கம்பளிக் காலுறை போட்டுக்கொள். ஈரக் காலோடு நிற்காதே. இவர் எழுதியதையெல்லாம் நம்பாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. பனி முழுசாக உருகின பிறகு வந்தால் போதும். என்றைக்கு என்று தேதி மட்டும் எழுது.