சிவப்புக்குச் சத்தம் இல்லை

17-8-2006, வியாழன்

தூக்கமே வரல. மனசு இன்னும் அந்த ஆபீஸ்லதான் இருக்கு.

திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனிக்கு நான் எழுதின ஆர்டர் சாஃப்ட்வேரை இன்னைக்கு முத்துமாரி அக்காகிட்ட கொடுத்தேன். அங்க போன்ல ஆர்டர் எடுக்கிறது அவங்கதான். கண் தெரியாது. கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்றதைக் கேட்டு வேலை பார்ப்பாங்க. திங்கட்கிழமையிலிருந்து ஆர்டர் எல்லாம் இதுலதான் ஏறணும். அக்காவால முடியலைன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆள் வந்துடும்.

கண்ணை மூடிக்கிட்டு நானே சோதிச்சுட்டேன்னு பெருமையாச் சொன்னேன்.

"எங்கன என்ன இருக்குன்னு ஒங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே தம்பி"ன்னு சிரிச்சாங்க.

கம்ப்யூட்டர் குரல் ஓடுன வேகத்துல எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. மவுஸைத் தொடாமலே சாத்தூர் கடைக்கு இருபது பெட்டி புஸ்வாணம் போட்டு முடிச்சுட்டாங்க. ஆனா புஸ்வாணம் தீர்ந்து நாலு நாளாச்சு.

"அது ஸ்டாக் இல்லக்கா. சிவப்புல போட்டிருக்கேனே."

"சிவப்பு எனக்கு எப்படித் தம்பி கேக்கும்?"

தீர்ந்த சரக்கை விலைப்பட்டியல்ல சிவப்பு மையால கோடு போட்டு அடிக்கிறது கம்பெனிப் பழக்கம். அதை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுபோயிருக்கேன், மடையன்! அங்கனயே உக்கார்ந்து 'ஸ்டாக் இல்லை'ன்னு எழுத்தாச் சேர்த்தேன். அக்கா மறுபடி ஓட்டினாங்க. புஸ்வாணத்துல விரல் டக்குன்னு நின்னுச்சு.

"இப்ப கேக்குது. நாளைக்கு வெள்ளன வாங்க, இன்னும் ஏழு எடத்துல இடிக்குது."

ஏழு! வேலை முடிஞ்சதுன்னு காலையிலதான் முதலாளிகிட்ட சொல்லியிருந்தேன். ஆனா எனக்கு வெக்கமா இல்ல. அந்த ஏழும் என்னன்னு தெரிஞ்சாகணும்.

சீக்கிரம் விடிஞ்சாத் தேவல.