உன் கையெழுத்தில் ஒரு பொய்

காஜா பேராங், மலாக்கா
சுபானு வருடம், வைகாசி மாதம்

சௌபாக்கியவதி சந்திரமதிக்கு அப்பா எழுதுவது. நீயும் உன் வயிற்றில் வளரும் உயிரும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் உன் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். இக்கடிதம் தணிக்கைக்காரர் கண்ணில் படலாகாது. ஆகவே ரயில்வே வேலையாக ஈப்போ வரும் தம்பிராஜாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இங்கே அரிசியைக் கண்ணால் காண்பதே அரிது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். கோர்ட்டு நடக்கிறது. சாட்சிகளுக்குச் சத்தியம் செய்துவைத்து, அவர்கள் சொல்வதை மொழிபெயர்க்கும் என் உத்தியோகமும் நடக்கிறது.

சண்டைக்கு முன்பு அம்மாவின் மூக்கிலிருந்து எடுத்த கட்டி திரும்பி வந்துவிட்டது. அன்று அதை மூக்குத் துவாரத்தின் வழியாகவே எடுத்த வெள்ளைக்கார டாக்டர், இது புற்று அன்று, ஆனால் முளைத்த இடத்திலேயே மறுபடி முளைக்கும் இனம் என்று எச்சரித்திருந்தார். அவர் இப்போது ஜப்பான்காரர்களின் சிறைமுகாமில் இருக்கிறார். மாசியில் அம்மாவின் இடது மூக்கில் இரத்தம் கசிந்தபோது, மூக்குத்தித் திருகு உரசுவதாகவே எல்லோரும் நினைத்தோம். துக்காங் எமாஸ் தெருப் பத்தர் அப்பாசாமியும், "திருகு தேஞ்சு போச்சும்மா, மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்று புதிதாகச் செய்து கொடுத்தார். அதிலேயே இரண்டு மாதம் போயிற்று. பிறகு ஒருநாள் அடுப்பில் கிழங்கு தீய்ந்து தெருவே நாறியது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியவில்லை. வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். இடது கண் சற்றே முன்னுக்குத் தள்ளியிருந்தது.

டாக்டர் பொன்னுதுரையிடம் அழைத்துச் சென்றேன். இம்முறை மேலுதட்டின் உட்புறம் கீறி, கன்ன எலும்புக்குள் இருக்கும் அறையைத் திறந்து, வேர் தங்காமல் சுரண்ட வேண்டுமாம். ஒருவருக்குப் போதுமான மயக்க மருந்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். ஆனால் ஆனி பிறந்ததும் அவரைக் கூலியாட்களோடு சயாமுக்கு, ரயில் பாதை போடும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். "நான் போனபிறகு இதைச் செய்ய இஞ்ச ஒருத்தரும் இல்லை ஐயா. விட்டால் கண் போகும், பிறகு மூளைக்கு ஏறும். வெட்டினாலும் திரும்ப வராதெண்டு சொல்ல ஏலாது" என்றார். கிழங்கு தின்று தேய்ந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று கேட்டேன். அவர் அம்மாவின் நாடியை மறுபடி பிடித்துப் பார்த்தார்.

அம்மா மறுக்கிறாள். உன்னை ஆனியில் அழைத்துவந்து, தலைப்பிரசவம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாமாம். "மூக்கு எங்க ஓடிப்போவுது? வந்த கட்டி இன்னும் நாலு மாசம் குந்தியிருக்கட்டும். மொதப் பிரசவத்துக்கு எம்புள்ளைய மாமியா வீட்டுல விட்டுட்டா என்னையத் தாய்னு எவ சொல்லுவா?" என்கிறாள். பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் எங்கோ தேடிப் பிடித்து, இடித்து டின்னில் அடைத்துவிட்டாள். வாசனை சரியாக இருக்கிறதா என்று என்னை முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

ஆகவே நீ வரக்கூடாது. அவளுக்காகத்தான் வரவில்லை என்று தெரிந்தால், அவளே ரயிலேறி ஈப்போவுக்கு வந்துவிடுவாள். எனவே அவள் பெயருக்கு உன் கைப்பட இப்படி எழுது: 'வயிற்றுப்பிள்ளைக்காரியை இந்தக் காலத்தில் அனுப்ப மாட்டோம், பிரசவம் இங்கேதான் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.' நான் வாயால் சொன்னால் நம்பமாட்டாள். உன் எழுத்தென்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். உன் அத்தையைத் திட்டுவாள், அழுவாள். பிறகு காத்திருக்க அவளுக்குக் காரணம் இராது. இந்தப் பழியை ஏற்கும்படி உன் அத்தையிடம் நான் கைகூப்பிக் கேட்டதாகச் சொல். தம்பிராஜா திரும்பும்போதே அக்கடிதத்தைக் கொடுத்துவிடு.

பொய் சொன்னாய் என்று சிறுவயதில் உன்னை முட்டிபோட வைத்தவன்தான் கேட்கிறேன். இன்று காலை பொய்யாத விநாயகர் கோயிலில் உன் பெயருக்கும் அம்மா பெயருக்கும் அருச்சனை செய்தேன். இக்கடிதத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அறுவைக்கு முன் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். துளை தூர்ந்துபோகாதபடி வேப்பங்குச்சி செருகிவைக்க டாக்டர் சம்மதித்திருக்கிறார். மூக்குத்தி என்னிடம் பத்திரமாக இருக்கும். நீ குழந்தையோடு வந்து, உன் கையால்தான் அதை அவளுக்குப் போட்டுவிட வேண்டும். அதுவரை குச்சியை நான் மாற்றிக்கொண்டே இருப்பேன். தீர்க்காயுசாக இரு, அம்மா.

உன் அப்பா,
சோமசுந்தரம்