மூன்று பெட்டிகளைக் கழுவிவிட்டேன்

கசார்வாடி, புனே
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

பவுன் எழுதுகிறேன். நான் நலம், வீடும் நலம், மாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும் பழையபடி ஒழுகுகிறது. நீங்கள் அந்தக் குஜராத் வெயிலில் வெல்டிங் வேலையும் பார்த்து, வேளைக்குச் சாப்பிட்டு, இளைக்காமல் இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் ஆகாதா என்பீர்கள். சைட்டுக்குள் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ரூமுக்கு வந்து ஐந்து நிமிஷம் பேசும்போது உங்கள் பக்கத்தில் பத்துப் பேர். இது ஐந்து நிமிஷச் சங்கதி இல்லை. அதோடு, பேசும்போது நான் சிரித்துவிடுவேன், நீங்களும் வழக்கம்போல விளையாட்டு என்று விட்டுவிடுவீர்கள். அதனால் உங்கள் சைட்டுக்கு வருகிற கிருஷ்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, பொறுமையாகப் படியுங்கள்.

குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்து அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போன மூன்று குட்டிக் கூட்ஸ் ரயில் பெட்டிகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறீர்கள்?

கணபதி வருகிறார் என்று இந்தத் தெருவே வீட்டைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவிற்று. நான் மட்டும் சும்மா இருப்பேனா? உங்கள் ரயிலில் எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் அட்டை டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன. மூன்று மட்டும் அலமாரித் தட்டில் திறந்து கிடந்தன. கீழே லேத் கடையில் கிரைண்டிங் போடுகிற தூசிதான் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். கடையில் வாங்கிய மாதிரிப் பளிச்சென்று ஆகிவிட்டன. நீங்கள் வந்தால் மெச்சுவீர்கள் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வேறு நிறுத்தினேன்.

முந்தின வாரச் சனிக்கிழமை, ரயிலைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக ஷ்யாம் தம்பி பாணேரிலிருந்து வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் பாதியும், இந்த மாடல் ரயில் சங்கத்தில் மீதியுமாக இருக்கிற பிள்ளை. பெட்டிகளைப் பார்த்தவர் காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். "அக்கா, அது அழுக்கில்லீங்க்கா. அண்ணன் ஒரு மாசமா பொடி வெச்சு வெச்சுப் பண்ணுன வேலைங்க. பொடி உதிராம நிக்க மேல ஸ்ப்ரே அடிக்கிறதுதான் பாக்கி" என்றார். புதுசாக இருந்தால் கண்காட்சியில் வேண்டாம் என்றா சொல்வார்கள் என்று கேட்டேன். "பொம்மைன்னு சொல்லுவாங்க்கா" என்றார்.

அப்புறம்தான் அவர், மாடல் ரயில் செய்யச் சொல்லி வாங்கி விற்கிற அந்த மும்பைக்காரர் விஷயத்தைச் சொன்னார். முழு ரயிலையும் பார்த்து அவருக்குப் பிடித்துவிட்டால், வருஷம் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிற அளவுக்கு வேலை கொடுப்பாராம். நீங்கள் சைட் சைட்டாகப் போக வேண்டியதில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எப்படிச் சொல்வீர்கள்! புதுச் சாமானை அழுக்காக்குவதற்கு ஒரு மனுஷன் லீவு போடுவதை இங்கேதான் பார்க்கிறேன் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருந்தது. மூன்றையும் நானே சரிபண்ணித் தருகிறேன் என்றேன். தம்பி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பிரஷ் பிடிப்பது எப்படி, ஸ்ப்ரே அடிப்பது எப்படி என்று காட்டிவிட்டுப் போனார்.

உங்கள் பொடி டப்பிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறந்தேன். மாத்திரை டப்பி ஒவ்வொன்றின் மேலும் குட்டிக் குட்டியாக எழுதியிருக்கிறீர்கள். பழைய துரு. புதுத் துரு. கதவுக் கீல் துரு. மழைக்கு அப்புறம் துரு. பிரேக் தூசி. எஞ்சின் புகை. நம் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டால் "ஏதோ சிவப்பு" என்கிற ஆளுக்குத் துருவில் மட்டும் இத்தனை நிறமா மாமா?

முதல் நாள் நான் முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரிப் பூசினேன். மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்த் துண்டு மாதிரி ஆயிற்று. கழுவினேன். மறுநாள் பார்த்துப் பார்த்து வைத்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஸ்ப்ரே அடித்ததும் பாதிப் பொடியைக் காணோம்! ஸ்ப்ரே பொடியைத் தின்னும், அதற்கும் சேர்த்துக் கூடுதலாக வைக்க வேண்டும் என்று தம்பி போனில் சொன்னார். அதையும் கழுவினேன்.

மூன்றாம் நாள் கேன்டீன் வேலை முடிந்ததும் கசார்வாடி ஸ்டேஷன் நடைபாலத்தில் போய் நின்றேன். கீழே கூட்ஸ் வண்டி நின்றது. நின்று பார்த்தால்தானே தெரிகிறது! துரு எல்லா இடத்திலும் இல்லை. கீலுக்குக் கீழே கோடாக வழிந்திருக்கிறது, மழைத் தண்ணீர் போன வழியெல்லாம். உள்பக்கம் நிலக்கரி உரசி உரசி வெள்ளி மாதிரி மின்னுகிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் மண் நிறம். நம்பர் எழுதின இடத்தை மட்டும் யாரோ கையால் துடைத்துவிட்டிருக்கிறார்கள், படிக்கிறதற்காக. அந்தக் கை துடைத்த தடம்கூட உங்கள் பெட்டிகளில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதே ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கும்போது எதிர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பீர்களே, அங்கே எவள் நிற்கிறாள் என்று உங்களைக் கிள்ளியிருக்கிறேனே. எத்தனை தடவை! ஒரு தடவையாவது, "அந்த வேகனைப் பார்க்கிறேன்டி" என்று வாயைத் திறந்திருந்தால் கிள்ளு மிச்சமாகியிருக்கும்.

எப்படியோ மூன்றையும் முடித்தேன். தம்பி பார்த்துவிட்டு, "கடைசியில கோத்துக்கலாங்க்கா" என்றார். மரியாதையான பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சிவாஜி நகர் ஹாலுக்கு நானும் போனேன். உங்கள் ரயில் வளைவு திரும்பி வந்தபோது பிள்ளைகள் கத்தவில்லை மாமா. மற்ற ரயிலுக்கெல்லாம் கத்தினார்கள். இதற்கு, நிஜ ரயில் வந்தால் ஒதுங்கி நிற்பதுபோல நின்றார்கள்.

வேகன் பரிசோதனையில் இருந்து ரிட்டயர் ஆனவராம், ஒரு மராத்திக்காரப் பெரியவர், மும்பைக்காரரோடு வந்தார். குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். எஞ்சினின் புகைப்போக்கியைச் சுற்றிப் படிந்த கரியைப் பார்த்துத் தலையாட்டினார். ஐந்தாவது பெட்டிவரை அப்படியே தலையாட்டிக்கொண்டு வந்தார். ஆறாவதில் நின்று, "இந்த மூணும் வேற கை. இந்தத் துரு மழையில நனையாத துரு" என்றார். நான் உடனே, அது என் கை காகா, சோப்புப் போட்டுக் கழுவினதும் இந்தக் கைதான் என்று ஒப்புக்கொண்டேன். ஹாலே சிரித்தது. எனக்கு வெட்கமே வரவில்லை. நான் நடைபாலத்தில் நின்று நின்று பார்த்தும் எட்டாததை நீங்கள் எட்டியிருக்கிறீர்கள் என்று ஊருக்குத் தெரிந்ததில் பெருமையாகத்தான் இருந்தது. பெரியவர் என்னை அண்ணி முறை வைத்து, "வஹினி, அந்த மனுஷன் ரயில்வேயில வேலை பாத்தாரா?" என்று கேட்டார். இல்லை, பிளாட்பாரத்தில் என்னிடம் கிள்ளு வாங்கினார் என்றேன்.

மும்பைக்காரர் சிரிக்கவில்லை. ஐந்து பெட்டி செய்த ஆள் தன் கண் முன்னால் ஒரு பெட்டி செய்து காட்டட்டும், அப்புறம் வேலையைப் பேசலாம் என்றார். தசரா கழித்து நம் வீட்டுக்கே வருகிறாராம். நான் வரச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசர் அடுத்த சைட்டுக்குக் கையெழுத்து வாங்க வருவார் என்று கிருஷ்ணா சொன்னான். போடாதீர்கள் மாமா. பெண்டாட்டி விட மாட்டேன் என்கிறாள் என்று சொல்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். அந்த ஆள் வேலை கொடுக்காமலே போனாலும் பரவாயில்லை, கேன்டீனில் என்னை இன்னொரு நேரமும் வரச் சொல்கிறார்கள். எனக்கு வாய்தான் நீளம், கையும் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. கறுப்புக் கண்ணாடி இல்லாமல், "ஒரே ஒரு பொட்டு வெல்டிங்தானே" என்று பற்றவைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. இனி வேண்டாம். எத்தனை அவசரமானாலும் கண்ணாடி போடாமல் தீயைப் பார்க்காதீர்கள். மற்றதை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கண்ணை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
பவுன்