கிளப் ஹவுஸில் என் படம்

14 நவம்பர் 2025, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. ஹைதராபாத்தில் ஒரே தியேட்டர், மதியக் காட்சி மட்டும். என் கணவன் பாலாவுக்கு ஆபீஸில் மீட்டிங், தனியாகத்தான் போனேன். கதாநாயகிக்குக் காது மெல்ல மெல்லக் கேட்காமல் போகும் கதை. சமையலறைக் காட்சியில் குழாய்ச் சத்தம், ஃபேன், கடைசியில் மகளின் குரல் — ஒவ்வொன்றாக அடங்கும். அதற்காக எத்தனை வாரம் உட்கார்ந்திருப்பேன்! தியேட்டரில் யாரும் அசையவில்லை. 'ஒலி வடிவமைப்பு: சுபாஸ்ரீ' என்று பெயர் வந்ததும் அழுதுவிட்டேன்.

15, சனி

அதற்குள் போனில் சுற்றுகிறது. எந்த ஊர்த் தியேட்டரிலோ திரையைப் படம்பிடித்த பிரதி. பாலாதான் காட்டினான், சிரித்துக்கொண்டே. திருட்டு என்றேன்.

"யாரு எதைத் திருடுனா? சைக்கிளை எடுத்தா சைக்கிள் இருக்காது. உன் படம் அங்கேயேதான இருக்கு?"

எரிச்சல் வந்தது. என்னிடமிருந்து என்ன போயிற்று? ஏதோ போயிருக்கிறது.

16, ஞாயிறு

எதிர் வீட்டு வசந்தகுமாரி ஆன்ட்டி சாயங்காலம் கையைப் பிடித்துக் கிளப் ஹவுஸுக்கு அழைத்துப் போனார். ஹைதராபாத்திலேயே, ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்; தமிழுக்கு நடுவே 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்பார். எங்கள் அபார்ட்மென்ட்டில் தமிழ்க் குடும்பங்களின் விசேஷம் எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. உள்ளே பூங்கொத்து, கேக், பெரிய திரை. என்னைக் கௌரவிக்க என் படம். அதே பிரதி.

சமையலறைக் காட்சி வந்தது. குழாய்ச் சத்தமே இல்லை. எல்லாம் அடங்க வேண்டிய இடத்தில், படம்பிடித்த தியேட்டரில் எவனோ இருமினான். யாருடைய போனோ அடித்தது. கிளப் ஹவுஸே சிரித்தது.

எழுந்துவிட்டேன். "நிறுத்துங்க!"

ஆன்ட்டி பதறிப்போனார். "கைக்கு மா, என்னாச்சு? உனக்காகத்தானே போட்டோம்?"

"எனக்காக எதுக்குத் திருடுறீங்க?"

அந்த வார்த்தை வாயில் வந்தேவிட்டது. கேக்கை யாரும் வெட்டவில்லை.

17, திங்கள்

பாலா நாள் முழுக்கப் பேசியது இவ்வளவுதான்: "அத்தனை பேர் முன்னாடி அவங்களைத் திருடின்னு சொல்லிட்டேல்ல."

இல்லை. செய்ததைத்தான் சொன்னேன். — இரண்டும் ஒன்றுதானோ?

19, புதன்

தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். என்னைத் தேற்றத்தான் இயக்குநர் போன் செய்தார். கடைசியில் நான்தான் அவரைத் தேற்றினேன்.

22, சனி

மணியடித்தது. ஆன்ட்டி. உள்ளே வரவில்லை.

"எங்கப்பாகூட என்னை அந்த வார்த்தை சொன்னதில்ல மா."

கதவை இன்னும் அகலமாகத் திறந்தேன்.

"நேத்து தியேட்டருக்குப் போனேன். படம் இல்லைன்னுட்டான். நீ நிறுத்தச் சொன்ன அந்த எடத்துல அப்படி என்னதான் கேக்கணும்?"

மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை அறைக்குக் கூட்டிப்போய், ஹெட்போனை மாட்டிவிட்டு, என் கம்ப்யூட்டரில் இருந்த காட்சியை ஓடவிட்டேன். வெளியாட்களுக்குக் காட்டமாட்டேன் என்று தயாரிப்பாளருக்கு நான் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த காட்சி. ஃபேன் அடங்கியதும் ஆன்ட்டி நிமிர்ந்து மேலே பார்த்தார். மகளின் குரல் தேயத் தேய, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

பாலா வந்து நின்றான். "இது தயாரிப்பாளரோடது இல்லையா? அப்ப இது மட்டும் என்ன?"

"தெரியல. கதவைச் சாத்து, வெளிச்சத்தம் வருது."