டப்பாவில் மிஞ்சிய போல்ட்

என் அருமை அத்தானுக்கு,

ஜவுளிக்கடை பாயின் ஜெர்மன் கார் இன்று காலை வரைக்கும் நம் ஷெட்டில்தான் நின்றது, நீங்கள் திறந்து போட்டுப் போன என்ஜினோடு. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் பேச்செடுத்தாலும் "என்ன செய்ய தாயி, விதி" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு விதியைப் பற்றிப் பேச வேண்டாம். போல்டைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு உங்களை விட்டால் ஆள் ஏது?

நீங்கள் கடைசியாகச் செய்தது ஞாபகம் இருக்கிறதா? மேலே இருக்கிற, என்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக்கைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். என்ஜினுக்குப் பின்னால், காரின் தகட்டுச் சுவரோடு ஒட்டினாற்போல ஒளிந்திருந்த பழைய பிரீதர் வால்வை உருவி எடுத்து என்னிடம் காட்டினீர்கள். "ரப்பர் கிழிஞ்சிருக்கு பாத்தியா. என்ஜின் ஒழுங்கா மூச்சு விட முடியலை. அதான் விசில் அடிக்கு, ஆயிலக் குடிக்கு, புகையாத் தள்ளுது," என்றீர்கள். புது வால்வைப் பெட்டியிலிருந்து எடுக்கக்கூட இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலைக்கூட நாம் தொடவில்லை.

நீங்கள் பாதியில் எழுந்து போகிற ஆளா, சொல்லுங்கள்? சோறு ஆறிப்போனாலும் வேலையை முடித்துவிட்டுத்தானே கை கழுவுவீர்கள்?

கழற்றிய போல்டுகளை ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அட்டையில் குத்தி வைத்திருந்தீர்கள். என்ஜினில் எது எங்கே இருந்ததோ, அட்டையிலும் அதே இடத்தில். வண்டிக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் கையை நீட்டினால் சத்தம் போடுவீர்களே, அந்த அட்டை.

அது இப்போது இல்லை, அத்தான்.

கருமாதி விசேஷத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவிவிட்டபோது, பேச்சியம்மா மதினி ஷெட்டையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். சாவு நடந்த துட்டி வீட்டில் ஒரு மூலையைக்கூட விடக் கூடாதாம். அட்டையில் இருந்த போல்டுகளையெல்லாம் உருவி, ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு, டீசல் ஊற்றிக் கழுவி, துடைத்து, பளபளவென்று வைத்திருந்தார்கள். அட்டை மற்ற குப்பையோடு எரிந்துபோனது.

"தம்பி சாமானெல்லாம் கரியாக் கெடந்துச்சு, ஏட்டி. நாளைக்கு நாலு பேரு வருவாவ, பாத்தா என்ன நெனப்பாவ? அதான் நானே தேச்சு வச்சுட்டேன்," என்றார்கள். தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்திருந்தது. உங்கள் கூடப்பிறந்த அக்காவுக்கு உங்களுக்காகச் செய்ய அதற்குமேல் என்ன இருந்தது? டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கயத்தாறு ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். "ஒண்ணொண்ணும் ஒரு நீளம், தாயி. நீளமானதக் கொண்டுபோய்க் கட்டையான ஓட்டையில முறுக்கினா அலுமினியம் விண்டு போவும். அதுக்கப்புறம் என்ஜினே காலி. அந்தப் பின்பக்கம் என் கையும் போவாது. எனக்கு வேண்டாம், மன்னிச்சிரு," என்று போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பாய் தங்கமான மனிதர். ஜவுளிக்கடையை விட்டுவிட்டுத் துட்டிக்கு வந்து, வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் போனார். பிறகு மருமகனோடு வந்தார். பேசியது மருமகன்தான். மதுரையில் கம்பெனிக்காரர்களிடம் பேசிவிட்டாராம். தூக்கிப்போக வண்டி வருமாம். "செத்த மனுசனக் குத்தம் சொல்லக் கூடாதுக்கா. ஆனா தெரியாத வேலையில கைய வச்சுட்டாரு," என்றார்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. தெரியாத வேலையா? துபாயில் இந்த மாதிரி வண்டிகளின் வயிற்றுக்குள்ளேயே கிடந்து வந்த மனிதருக்கா? அந்த வண்டி பிரித்துப் போட்டபடி மதுரைக்குப் போனால் அங்கேயும் அதைத்தான் சொல்வார்கள். கோவில்பட்டியில் எவனோ கெடுத்துவிட்டான் என்பார்கள். அந்தப் பேரோடு உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை. "நானே மாட்டித் தாரேன். ஓடலைன்னா தூக்கிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாமனாரைப் பார்த்தார். பாய் தலையை ஆட்டினார்.

என்ன தைரியத்தில் சொன்னேன்? எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதானே. உங்களுக்குக் கை மொத்தம், எனக்கு ஒல்லி. "ஏட்டி செண்பகா, அடுப்ப அணைச்சுட்டு வா, கை மட்டும் வேணும்," என்று கூப்பிடுவீர்கள். நான் வந்து என்ஜினுக்குள் கையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "இன்னும் உள்ள... கொஞ்சம் இடது... ஆங், அங்கனதான், திருப்பு." வந்தவர்களிடமெல்லாம், நான் பொண்டாட்டி கட்டவில்லை, ஸ்பானர்தான் கட்டியிருக்கிறேன் என்று கேலி வேறு. அந்த வண்டிகளின் வயிற்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, அத்தான். விரலால் தடவியதோடு சரி. நீங்கள் சொன்ன பக்கமெல்லாம் விரல் போகும். இனி யார் சொல்வார்கள்?

ஆடிக் காற்று வேறு. கரிசல் தூசி கதவு இடுக்கு வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது. திறந்து கிடந்த ஓட்டைகளில் உங்கள் பழைய வேட்டியைக் கிழித்து அடைத்திருந்தேன். அதில் ஒரு துணியை மறந்து உள்ளேயே விட்டுவிடுவேனோ என்று சோறு இறங்கவில்லை.

முதலில் புது வால்வைப் பின்னால் வைத்து மாட்டினேன். அதற்கான சின்ன போல்டுகள் தனியாகத் தெரிந்தன. பிறகு இன்டேக்கைத் தூக்கி வைக்க மதினியைக் கூப்பிட்டேன். ஒரு துவாரத்துக்குக்கூட எந்த போல்ட் என்று தெரியவில்லை. வாசல் பெருக்கும் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு துவாரத்திலும் அடிமுட்ட விட்டு, மேல்மட்டத்தில் ஒடித்து, அந்த நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான போல்டைத் தேடினேன். சில துவாரத்துக்கு இரண்டு போல்ட் பொருந்துகிற மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் உங்களிடம்தான் கேட்டேன். வாய் விட்டே கேட்டேன். "அத்தான், இதுவா, அதுவா?" மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஒவ்வொன்றையும் விரலால் திருகி, இறுகுகிற இடத்தில் நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்பானரைப் போட்டேன். எதுவும் விண்டு போகவில்லை. துணிகளை முன்னாலேயே உருவி, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கிழிசல் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று டப்பாவைக் கவிழ்த்தேன்.

ஒரு போல்ட் விழுந்தது.

சின்னது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் தூக்கிப்போகிற வண்டியோடு அவர்கள் வருகிறார்கள். மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது வேற எந்த வண்டியில உள்ளதோ. பெஞ்சுக்குக் கீழ கெடந்ததையும் நான்தான் பொறக்கிப் போட்டேன். தூரப் போட்டுட்டுச் சாவியத் திருப்பு, ஏட்டி," என்றார்கள். அவர்கள் சொன்னது மாதிரியும் இருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும் தெரியப்போவதில்லை. கை வலித்தது, முழங்கை வரை சிராய்ப்பு. உங்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொன்னால் பாவம். ஒரு போல்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அழுதுகொண்டேதான் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். இந்த முறை பாயின் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியைக் கிழித்து, உங்களை மாதிரியே குத்திக் குத்தி வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வால்வைச் சுற்றி விரலை மெதுவாக நடத்தினேன். பின்னாலே, சுவரைப் பார்த்த பக்கத்தில், விரல்நுனி ஒரு குழியில் இறங்கியது. வெறும் ஓட்டை. மிஞ்சிய போல்ட் அதில் சரியாக இறங்கியது. முதல் தடவை பக்கத்தில் இருந்த வேறொரு போல்டின் தலையைத் தொட்டுவிட்டு, மாட்டிவிட்டதாக நினைத்திருக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் வால்வு இளகி, அதே விசில், அதே புகை, உங்களுக்கு அதே பேர்.

காலையில் பாய்தான் சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் வெறுமனே சுற்றியது. பிறகு பிடித்துக்கொண்டது. புகை வரவில்லை. விசில் இல்லை. நீங்கள் செய்கிற மாதிரி, ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகித் தூக்கினேன். வண்டி வந்த அன்றைக்கு, வால்வு கெட்டதால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வர மறுத்த மூடி, லேசாகக் கையோடு வந்தது. மருமகன் தூக்கிப்போக வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார். பாய் கண்ணாடியை இறக்கி, "அவரு ஆரம்பிச்ச வேலைம்மா இது. அவரு வேலையாத்தான் நான் ஊருக்குள்ள சொல்லுவேன்," என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? கார் பைபாஸில் ஏறி மறைந்ததும் ஷெட்டுக்குள் வந்தேன். நடுவில் வெறும் தரை. இத்தனை நாளும் நீங்கள் செத்துப்போனதாக எனக்குத் தோன்றவே இல்லை, அத்தான். வேலை நடுவில் கிடந்தது, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான். இன்றைக்கு உங்களிடம் கேட்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில் மதினி ஓடிவந்தார்கள். துட்டியன்றைக்கு அழாத அழுகை.

மத்தியானம் புதூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் காரும் ஆயில் குடிக்கிறதாம், பாய் நம் ஷெட்டைச் சொன்னாராம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் ஷெட்டைத் திறப்பேன், அத்தான், அது சத்தியம். ஒவ்வொரு போல்டுக்கும் உங்களைக் கேட்பேன். நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்
செண்பகம்