எந்தப் பாகலூர்

பாகலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எஸ்லினுக்கு, அம்மா பவுலினா சொல்லச் சொல்ல உன் தங்கை பிரவீனா எழுதுவது. மாதா துணையில் இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் வைத்த இடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. ராஞ்சியில் குளிர் குறைந்ததா, இருமல் நின்றதா? வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை கன்னியர் மடத்தில் போன் கிடையாது என்பதால் எல்லாவற்றையும் காகிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விஷயம் இதுதான், நாங்கள் இந்த ஊரைவிட்டு வீடு மாற்றுவதா வேண்டாமா என்று இன்றைக்குள் ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உன் கடிதம் வருவதற்குள் அது முடிந்துவிடும், ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். சிப்காட்டுக்கு ஷிப்டு பஸ்ஸில் போய் வந்து முதுகு போயிற்று என்று புலம்பிக்கொண்டிருந்தாரே, பெங்களூர் கம்பெனி ஒன்று பாகலூரில் புது யூனிட் திறக்கிறது, பேக்கிங் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நம் ஊருக்கே வேலை வருகிறது என்று போனிலேயே பேசி உடனே சேர்ந்துவிட்டார். பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். இனிமேல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவேன் என்று என்னிடம் பெருமை வேறு. முதல் நாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனவர், ரோஜாத் தோட்டத்துப் பக்கமெல்லாம் சுற்றியும் கம்பெனியைக் காணாமல் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருக்கிறார். சூப்பர்வைசர் போன் செய்து, "எல்லிதீரா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாராம். "பாகலூர் பஸ் ஸ்டாண்டுலதாங்க சார் நிக்கிறேன்." "நானும் பாகலூர் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன், நீங்க கண்ணுக்கே தெரியலையே?" "நீல சட்டைங்க சார், டீக்கடை முன்னாடி." இப்படியே கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடியிருக்கிறார்கள். டீக்கடை மணிதான் கேட்டுவிட்டு, "அண்ணா, பெங்களூர் ஏர்போர்ட்டு பக்கம் ஒரு பாகலூர் இருக்குது, அதுவா பாருங்க" என்றானாம். அதுதான். நமக்குப் பாகலூர் என்றால் இது ஒன்றுதானே, அவர்களுக்கும் அது ஒன்றுதான், யாரும் எந்தப் பாகலூர் என்று கேட்கவில்லை.

பழைய இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், திரும்ப முடியாது. இங்கிருந்து ஓசூர், அங்கிருந்து பெங்களூர், பிறகு அந்தப் பாகலூர் என்று மூன்று பஸ் மாறிப் போய் வருகிறார். விடியுமுன் கிளம்பினால் நாங்கள் படுத்த பிறகுதான் வருகிறார், கன்னம் ஒட்டிவிட்டது. தெருவில் இப்போது அவருக்கு ஏர்போர்ட் ஜோசப் என்று பெயர். அங்கே போனால் ஓசூர் ஜோசப்பாம், ஏனென்றால் அந்தப் பிரிவில் ஏற்கெனவே அப்பா பெயரிலேயே ஓர் அருள்ஜோசப் இருக்கிறார், அந்த ஊர்க்காரர். இரண்டு பேருடைய சாப்பாட்டு டப்பாவிலும் ஒரே பெயர். தவக்காலத்து வெள்ளிக்கிழமை அவருடைய டப்பாவைத் திறந்து, நம் வீட்டில் இன்று ஏது முட்டை என்று யோசித்துக்கொண்டே அப்பா பாதி தின்றுவிட்டார். நம் கீரைச்சோற்றைத் தின்ற மனுஷர் சிரித்தாராம். அப்படித்தான் பழக்கமாகி, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்கிறார். பதில் சொல்ல வேண்டியது அவருக்குத்தான். உங்கள் மடத்திலும் இன்னொரு எஸ்லின் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள், அதை எழுதவேயில்லை.

போய்விடலாம் என்றுதான் நானும் இருந்தேன். பிரவீனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஜூன் வந்தால் பத்தாவது, அங்கே பள்ளிக்கூடத்தில் கன்னடமும் எழுதியாக வேண்டும் என்றார்கள். சரிம்மா என்று சொல்லிவிட்டு, பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கன்னட எழுத்துப் பழகுகிறாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், நான்தான் எழுதச் சொன்னேன். நேற்று என்னிடம் வந்து, உனக்குத்தான் கன்னடம் தெரியுமே, உன் பெயரை எழுதிக் காட்டு என்றாள். பேனாவைப் பிடித்தேன். பவு என்பது கன்னடத்தில் வந்தது, லினா தமிழில் வந்தது. நாலாவது வரை கல்லாவியில் தமிழில் படித்தவளை எங்கள் அப்பா கல்குவாரி வேலைக்காக ஆனேக்கல் கூட்டிப்போய்க் கன்னடப் பள்ளியில் போட்டார், இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்தேன், அப்புறம் மாடு மேய்த்தேன். அந்த எழுத்தும் சரியாக வரவில்லை, இந்த எழுத்தும் நிற்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் போட இன்னொரு பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன். இதைச் சொல்லி முடிக்கிறேன், பிரவீனா எழுதாமல் என்னையே பார்க்கிறாள். எழுதுடி என்றேன். நாங்கள் போகவில்லை என்று எழுது என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து, "இதை எங்கிட்ட சொல்லாம ராஞ்சிக்குச் சொல்றியா?" என்கிறார். "உங்க காதுல விழட்டும்னுதான் சத்தமா சொன்னேன்" என்றேன். பிறகு, "அந்த ஜோசப்பு வீட்டுலயே ஒரு ஓரமா படுத்துக்கிறேன், திங்கக்கெழமை போயி சனிக்கெழமை வர்றேன், அப்படியே எழுதும்மா" என்று பிரவீனாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமா சம்மதமா தெரியவில்லை. வாரம் முழுக்க அவரில்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கும் பகீர் என்கிறது. அவர் முதுகுக்காகவும் எங்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு கோயிலில் நிற்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், கண்ணு.

பதிலை இதே விலாசத்துக்குப் போடு. பாகலூர் என்று எழுதி, ஓசூர் வழி என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுது. நாங்கள் இங்கேதான் இருப்போம்.

உன் அம்மா,
பவுலினா
(கையெழுத்து மட்டும் அம்மாவே போட்டது. முழுவதும் தமிழில். - பிரவீனா)