கையெழுத்துப் போடுவதற்கு முன் படி

அன்பு மகள் ஹேரிமுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அப்பா பொது வார்டில் ட்ரிப் ஏறக் கிடக்கிறார், நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தையைக் காலுறை இல்லாமல் தரையில் விடாதே. கவரில் மருத்துவமனைப் படிவம் இருக்கிறது. நோயாளி சம்மதிக்காவிட்டால் பூட்டிய வார்டில் சேர்க்கக் குடும்பத்தில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம், உன்னையும் என்னையும் விட்டால் வேறு யார். ஆனால் உடனே பேனாவைத் தேடாதே, இதை முழுக்கப் படித்துவிடு.

கோடையிலிருந்து அப்பா வீட்டில் இருந்தபடியே வாரம் மூன்று நாள் பஸ் பிடித்துக் குடியை விடுகிற சிகிச்சைக்குப் போய் வந்தது உனக்குத் தெரியும். அங்கே குழாயில் ஊதிக் காட்டுவார், நர்ஸ் முன்னால் மாத்திரையை விழுங்குவார், பிறகு பத்துப் பேரோடு வட்டமாக உட்கார்ந்து தன் கதையைச் சொல்வார். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து, வீட்டில் உப்புக் கேட்பதற்குக்கூட வாயைத் திறக்காத மனிதர். ஒருநாள் வந்து, "இன்னிக்கு எனக்குக் கை தட்டினாங்க" என்றார், "எதுக்கு, பாட்டு எதுவும் பாடினீங்களா" என்று கேட்டேன், "நாப்பது நாள் ஆச்சுல்ல" என்றார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் சிப்பி உடைக்கிற கத்தியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவருகே போய் நிற்பேன். அவரைக் கவனித்த அளவுக்கு நான் என்னைக் கவனிக்கவில்லை.

சூசோக் அறுவடைத் திருநாள் அன்று காலை முன்னோருக்குப் படைக்க உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்துவிட்டார். வீட்டில் ஒரு சொட்டுக்கூட இருக்கக் கூடாது, "படையலுக்கு மதுவுக்குப் பதிலாத் தண்ணி வைங்கம்மா, முன்னோர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று டாக்டர் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார், நானும் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு ஒரு பாட்டில் அரிசி மது வாங்கி வந்தேன். சித்தப்பா பார்க்க, உன் தாத்தா படத்துக்கு முன்னால் வெறும் தண்ணீரை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா மூத்த மகனாக நின்று ஊற்றினார், ஒரு சொட்டும் சிந்தவில்லை. கும்பிட்டு முடித்து எல்லாரும் படைத்த மதுவை ஆளுக்கு ஒரு வாய் குடித்தபோது அவர் மட்டும் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்ன அண்ணே, அப்பா குடுக்கறதையே வேணாங்கறியா" என்று சித்தப்பா தாத்தா படத்தைக் காட்டிக் கேட்டார். அப்பாவே எடுத்துக் குடித்தார் என்று போனில் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தது நான்தான். "இது குடி இல்லீங்க, ஆசீர்வாதம், நாக்குல தொட்டுட்டு வச்சிடுங்க" என்று சொன்னதும் நான்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குடித்தார். சித்தப்பா வீட்டுக்குப் பலகாரம் கட்டிக்கொண்டிருந்தேன், அதற்குள் சமையலறையில் நின்றபடியே பாட்டிலைக் காலி செய்திருந்தார். நாலு நாள் வீட்டுக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் ஐஸ் ஆலைக்குப் பின்னால் வலிப்பு வந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள்.

வீட்டில் யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். "யாரும் குடுக்கல, நானேதான் எடுத்தேன்" என்றார் அப்பா. நான் அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் வீட்டிலிருந்து வந்து போகிற சிகிச்சை இவருக்குச் சரிப்படாது, மூன்று மாதம் பூட்டிய வார்டு என்று முடிவாகியிருக்கிறது. ஏழு வருடம் முன்பு அங்கே இருந்து வந்த பிறகு அவர் கழிவறைக் கதவைக்கூடச் சாத்தமாட்டார், உனக்கே நினைவிருக்கும். "எங்க வேணாலும் வரேன், அந்தக் கதவுக்குள்ள மட்டும் வேண்டாம்" என்று குழந்தை மாதிரி அழுகிறார், ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அப்பாவ நம்பவே முடியாதும்மா, படிவத்த அனுப்பு" என்று நீ போனில் சொன்னபோதும் நான் சும்மாதான் இருந்தேன்.

வீட்டோடு இருந்து இன்னொரு முறை விழுந்தால் உயிர் தங்காது என்கிறார்கள். உள்ளே அனுப்பினால் என் தப்புக்கு அவர் பூட்டப்படுகிறார். அவர் தாங்கிக்கொண்டுதான் இருந்தார், தாங்காமல் போனது நான். புத்தாண்டுக்குப் படைக்கச் சித்தப்பா மறுபடி வருவார், அன்றைக்கு மட்டும் மது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. புதன்கிழமை டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். கேட்டபிறகும் வார்டுதான் என்று அவர் சொன்னால் கையெழுத்துப் போடலாம், அதுவரை படிவத்தில் என் இடமும் உன் இடமும் காலியாகவே இருக்கட்டும்.

நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, புதன் மாலை போன் செய். சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னால் நம்பாதே, அப்பாவிடமும் கேட்காதே, அவர் எனக்காகப் பொய் சொல்வார். டாக்டரையே கேள்.

உன் அம்மா,
யோன்சுன்